ஏழுமலை அண்ணனின் பயோடேட்டா

13.6.2006, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ஒரு மாதமாகச் செய்த என் மோர்ஸ் ஃபாண்ட் நேற்றுதான் முடிந்தது. எந்த எழுத்தைத் தட்டினாலும் அதன் தந்திக் குறி புள்ளியும் கோடுமாக வரும்! உடனே நான் வேலை பார்க்கும் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆனால் ஒரு பழைய ஃபாண்டைத் திறந்து அதன் மேலேயே வரைந்திருந்தேன். உள்ளே இருந்த பழைய பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்தப் பழைய ஃபாண்டில் அடித்திருந்த ஃபைல் எல்லாம் புள்ளியாகிவிட்டது.

காலையில் நான் வருவதற்குள் ஏழுமலை அண்ணன் கடைக்கு வந்து, முன்பே அடித்து வைத்திருந்த தன் பயோடேட்டாவை கம்பெனி இன்டர்வியூவுக்குக் கேட்டிருக்கிறார். ஓனர் பாய் ஃபைலைத் திறந்து பார்க்காமலே பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தார்.

"இன்னா பாய், ஒரே புள்ளியா கீது? கண்ணு டெஸ்டான்னு கேக்குறாரு ஆபீசரு. நாளைக்கு ஒழுங்கா எடுத்துக்கினு வான்னு அனுப்பிட்டாரு."

"வைரஸ்பா," என்றார் பாய்.

 என் ஃபாண்டை எடுத்துவிட்டு, சரியான பிரிண்ட் கொடுத்தேன். அவர் போனதும் மனசு கேட்கவில்லை. புதுவாயல் பஸ் ஸ்டாப் வரை ஓடினேன்.

"அண்ணா, வைரஸ் இல்ல. நான் செஞ்ச ஃபாண்ட்தான்."

அவர் திட்டவில்லை. புள்ளித் தாளை உருவி, "இதுல என் பேரு எது?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன்.

"பேஜாரு பண்ணிட்டியே பாப்பா," என்று சிரித்து, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாயிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும். அது போகட்டும். நேற்றே அந்த ஃபாண்டை, உள்ளே அதே பழைய பெயரோடு, இன்டர்நெட் ஃபோரத்திலும் போட்டேன். ஏழு பேர் இறக்கியிருக்கிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் இப்போது…