காப்பு கட்டியும் குறையும் ட்யூப்

ஆடி 6, திங்கள்

காலையில் தூறல். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில். நேற்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டியாயிற்று. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தீமிதி. அதுவரை கவுச்சி இல்லை, முகத்தில் கத்தி படக்கூடாது. ரேசரைக் கழுவிப் பெட்டியில் வைத்தேன். பிரஷ் ஜன்னலில் காய்கிறது.

சவர க்ரீம் பாத்ரூம் பலகையில். ரணதீர், பச்சை ட்யூப். போன வாரம் வாங்கியது, இரண்டே சவரம். வாலை ஒரு சுற்று சுருட்டி நிற்க வைத்திருக்கிறேன். இந்த ட்யூப் விவகாரத்தை எழுதிவைக்க வேண்டும். முன்பு ஒரு ட்யூப் மூன்று மாதம் வரும். சில வருஷமாக ஒன்றரை மாதம் தாண்டுவதில்லை. காற்றை அடைத்து விற்கிறான் கம்பெனிக்காரன். வால்மோர் போட்டுப் பார்த்தேன், சுந்தர் கோல்டு போட்டுப் பார்த்தேன், இப்போது ரணதீர். எல்லாம் ஒரே வேகத்தில் தீர்கிறது. எல்லாவனும் திருடன்.

தீ மிதிப்பது மகள் கௌசிக்காக. வந்த வரனையெல்லாம் "அப்புறம் பாக்கலாம்பா" என்று தள்ளிவிடுகிறாள். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், காலை முதல் பஸ்ஸில் மலை ஏறுகிறாள். எந்நேரமும் முகத்தில் மாஸ்க். கேட்டால் தூசி என்கிறாள். தீமிதி முடிந்த ஞாயிறு சங்கராபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு விதைக்கடை. இதாவது அமைய வேண்டும், தாயே.

டியூட்டி: க.குறிச்சி – வெள்ளிமலை ரூட். டிக்கெட் இல்லாமல் இருவர். இருவரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள். செக்கிங் வேலையில் நான் கற்றது இது ஒன்றுதான். பொய் சொல்கிறவனுக்கு வெளியே ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும்.

ஆடி 8, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. செருப்பு தைக்கக் கொடுத்தது வாங்கவில்லை.

ட்யூப் குறைந்திருக்கிறது! நான் தொடவே இல்லை. சுருட்டின இடத்துக்கு மேலே நன்றாக ஒட்டிப் போயிருக்கிறது. காப்பு கட்டியவன் வீட்டில் க்ரீம் குறைகிறது என்றால் கம்பெனி காரணம் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறது.

வேறு யார், செல்வம்தான். என் மனைவி வசந்தியின் தம்பி. மலைக்கு ஜீப் ஓட்டுகிறான். சங்கராபுரத்தில் அவன் வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று இரண்டு வாரமாக இங்கே. முகம் பளபளவென்று இருக்கிறது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்தேன். அதே சந்தன வாசனை.

"இன்னா மாமா, மோந்து பாக்குறீங்க?"

"என் க்ரீமை எடுத்தியா?"

"உங்களுது எனக்கு எதுக்கு? என்கிட்டயே கீது, பாருங்க." நீல ட்யூப் கொண்டுவந்து காட்டினான். வால்மோர். மூடியைத் திறந்தால் அதுவும் அதே வாசனை.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு ட்யூபிலும் பொடி எழுத்தைப் படித்தேன். கம்பெனிப் பெயர் வேறு வேறு. தயாரித்த இடம் ஒன்று. வடநாட்டில் ஏதோ தொழிற்பேட்டை, அதே பிளாட் நம்பர். ஒரே அண்டாவிலிருந்து மொண்டு, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் ஊற்றுகிறான். நான் வருஷக்கணக்கில் பிராண்ட் மாற்றினேனே, எதை மாற்றினேன்?

ஆனால் இதில் ஒரு சங்கடம். எல்லாம் ஒரே சரக்கு என்றால் வாசனையை வைத்து செல்வத்தைப் பிடிக்க முடியாது.

ஆடி 9, வியாழன்

க.குறிச்சி பஸ் ஸ்டாண்ட் எதிரே நான் வழக்கமாக வாங்கும் கடை. கேட்டே விட்டேன்.

"இன்னா சார் நீங்க, அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி. இதுல நுரை ஜாஸ்தி."

பொடி எழுத்தைக் காட்டினேன். கடைக்காரர் மேலே ஃபேனைப் பார்த்தார்.

மேல் தட்டில் பிங்க் ட்யூப் ஒன்று. மிருதுளா, பெண்களுக்கானதாம். எடுத்துப் பார்த்தேன். அதே பிளாட் நம்பர்! விலை மட்டும் ஜாஸ்தி. பெண்களுக்கு எதற்கு சவர க்ரீம் என்று சிரித்தேன்.

"வாங்கினுதான் போறாங்க சார். பேப்பர்ல சுத்திக் குடுக்கச் சொல்லுவாங்க."

பிங்க் பெயிண்ட் அடித்தால் ஏமாறவும் ஆள் இருக்கிறது.

சாயங்காலம் சோதனை. முகத்தில் போட முடியாது, காப்பு. இரண்டு கிண்ணத்தில் பச்சையும் நீலமும் கொஞ்சம் பிதுக்கி, பிரஷ்ஷால் அடித்தேன். நுரை ஒன்று, கெட்டி ஒன்று, நிறம் ஒன்று. அப்போது பார்த்து வசந்தி வந்தாள்.

"அய்யய்யோ, காப்பு கட்டிக்கினு இன்னா பண்றீங்க?"

"சோதனை."

"மொதல்ல அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைங்க. ஒரு ட்யூப் குறைஞ்சா குறைஞ்சிட்டுப் போவுது. ஆம்பள அதைப் போய் அளந்துக்கினு."

இவள் ஏன் இதில் இவ்வளவு சூடாகிறாள்? தம்பியைக் காப்பாற்றுகிறாள்.

பச்சை ட்யூபை என் டியூட்டி பையில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ஆடி 11, சனி

நல்ல மழை. முன்வாசலில் ஒழுகுகிறது. தகரம் மாற்ற வேண்டும்.

கணக்கு தப்பிவிட்டது. காலையில் செல்வம் கத்தினான். "மாமா, காப்பு கட்டிக்கினு என் க்ரீமை எடுக்குறீங்களா?" அவன் நீல ட்யூப் குறைந்திருக்கிறதாம். பார்த்தேன். உண்மைதான். சோதனைக்கு ஒரு பட்டாணி அளவு பிதுக்கியதைத் தவிர நான் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன், சிரிக்கிறான். டீக்கடையில் வேறு போய்ச் சொல்லியிருக்கிறான். பூசாரி என் கன்னத்தை உற்றுப் பார்த்து, "தாடி கம்மியாத்தான் கீது" என்றார். எனக்கு எப்போதும் கம்மிதான்! அம்மனுக்குத் தெரியும்.

தன் க்ரீமைத் தானே எடுத்துவிட்டு இப்படிக் கத்துகிற அளவுக்கு அவனுக்கு நடிப்பு வராது. அவன் இல்லை. நான் இல்லை. வசந்திக்கு எதற்கு.

மிச்சம் ஒருத்திதான்.

எதற்கு எடுக்கிறாள்? யாருக்கு? வருகிற வரனையெல்லாம் தள்ளுகிறாள். முதல் பஸ்ஸில் போகிறாள். ஆஸ்பத்திரி திறக்க அவ்வளவு நேரம் இருக்கிறது.

எழுதவே பயமாக இருக்கிறது. ஊரில் டிக்கெட் எடுக்காதவனையெல்லாம் பிடித்தவன் நான், வீட்டில் கோட்டை விட்டேனோ.

ஆடி 13, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கூட வரும் நடேசன் லீவு. கச்சிராயபாளையத்தில் முதல் பஸ்ஸில் தனியாக ஏறினேன். கௌசி நடு சீட்டில். என்னைப் பார்த்ததும் தலையாட்டினாள், மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. பாஸ் காட்டினாள். மலை ஏறத் தொடங்கி, கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது அவள் பை சரிந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா உருண்டு என் காலடியில் வந்தது. மூடி திறந்துகொண்டது. உள்ளே வெள்ளையாக. சந்தன வாசனை.

"இன்னாம்மா இது?"

"ஆஸ்பத்திரி மருந்துப்பா."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

டப்பாவை மூடிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யார் டிக்கெட்டையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. வெள்ளிமலையில் இறங்கி அவள் முன்னால் போனாள், நான் பின்னால். டீக்கடையில் நின்றவர்கள், ஜீப் ஸ்டாண்டில் நின்றவர்கள், ஒவ்வொருவன் தாடையாகப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகச் சவரம் செய்தவன் எல்லாம் அவனாக இருப்பான் போலத் தோன்றியது. கம்பவுண்டர் ஒருவன் "சார், வணக்கம்" என்று கிட்டே வந்தான். மோந்து பார்த்தேன். அதே வாசனை. மலையில் பாதிப் பேருக்கு அந்த வாசனைதான், ஒரே அண்டா.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இன்னும் வரவில்லை. லேப் பக்கத்து வராந்தாக் கடைசியில் கை கழுவும் இடம், மேலே ஒரு கண்ணாடி. கௌசி அங்கே நின்றாள், தனியாக. மாஸ்க் இல்லை. மேலுதட்டிலும் தாடையிலும் வெள்ளையாக நுரை. கையில் ரேசர்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். திரும்பவில்லை.

"யாருன்னு பாக்க வந்தீங்களாப்பா? பாத்துக்கோங்க."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வேறு ஆள் இல்லை என்று. அதை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது. பிள்ளை அப்படி நிற்கிறது, எனக்கு நிம்மதி.

"எத்தினி வருஷமா?"

"ப்ளஸ் டூலேர்ந்து. ஹார்மோன்பா. மாத்திரை சாப்புடுறேன். மொகத்துல வளர்றது நிக்கல. நம்ம வூட்ல ஒரே பாத்ரூம், கதவைத் தட்டிக்கினே இருக்கீங்க. அதான் இங்க வந்து."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

தெரியுமாம்! நான் வருஷக்கணக்காகக் கம்பெனிக்காரனைத் திட்டும்போதெல்லாம் அவள் சோறு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கௌசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் தாடையைப் பகலில் நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஒரு இடத்தில் லேசாக வெட்டியிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "கத்தியை எதிர்ப்பக்கமா இழுக்காத, வெட்டும்" என்றேன். அழுதுவிட்டாள். நானும்.

போகும்போது சொன்னாள்: "சங்கராபுரத்துக்காரங்க வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்கப்பா. கட்டிக்கினு போயி அங்க ஒளிச்சி ஒளிச்சி பண்ண என்னால முடியாது. தெரிஞ்சப்புறம் வந்தா வரட்டும்."

இதற்காகத்தான் எல்லா வரனையும் தள்ளினாளா?

ஆடி 14, செவ்வாய்

வசந்தியிடம் பேசவில்லை. மத்தியானம் அவளே வந்தாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இஸ்துக்கினு போவீங்க, ஊருக்கே தெரியும். பொண்ணு வேணாம்னுச்சி." உண்மையில் அப்படித்தான் செய்திருப்பேன்.

செல்வத்தைக் கூப்பிட்டு, க்ரீமை எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கையைத் தட்டிச் சிரித்தான். சிரிக்கட்டும்.

சங்கராபுரத்துக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

ஆடி 15, புதன்

போன் செய்தாயிற்று. பையனின் அப்பா எடுத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். "யோசிச்சிச் சொல்றோங்க" என்றார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. போனில் எந்த ஜன்னலைப் பார்க்கிறார் என்று எப்படித் தெரியும்?

ஆடி 17, வெள்ளி

தீமிதி. நல்ல கூட்டம். கால் ஒன்றும் ஆகவில்லை. பூசாரி மறுபடி கன்னத்தைப் பார்த்தார், பார்த்துக்கொள்ளட்டும். குழிக்கு முன்னால் நிற்கும்போது "கல்யாணம் அமையணும்" என்ற வேண்டுதல் வாயில் வரவில்லை. அவ நல்லா இருக்கட்டும் என்று மட்டும் சொல்லி இறங்கினேன். எதிர்ப்பக்கம் கௌசி மஞ்சத் தண்ணிக் குடத்தோடு நின்றாள். மாஸ்க் போட்டிருந்தாள்.

ஆடி 18, சனி

பெருக்கு. கோமுகி ஆற்றுப் பக்கம் கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை.

க.குறிச்சி கடையில் பிங்க் ட்யூப் ஒன்று வாங்கினேன். பேப்பரில் சுற்றித் தரச் சொன்னேன். பாத்ரூம் பலகையில் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தேன், பேப்பரைப் பிரித்துவிட்டு.

ஆடி 19, ஞாயிறு

கேசரி கிளறி, பஜ்ஜி மாவு கரைத்து, சாயங்காலம் வரை பார்த்தோம். சங்கராபுரத்திலிருந்து யாரும் வரவில்லை. போனும் இல்லை. யோசிக்கிறார்களாம். வசந்தி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கௌசி மாஸ்க் இல்லாமல் வந்து உட்கார்ந்து இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டாள்.

"அந்த பிங்க் ட்யூப் நீங்க வாங்குனதாப்பா?"

"ஆமா."

"பொடி எழுத்தைப் படிக்கலியா? அதே பிளாட் நம்பர். எதுக்கு ஜாஸ்தி குடுத்து வாங்குறீங்க?"

ஆடி 20, திங்கள்

தூறல். காப்பு அவிழ்த்த பிறகு முதல் சவரம் இன்றுதான் என்று சீக்கிரம் எழுந்து துண்டோடு போனேன். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"இருங்கப்பா, சவரம் பண்ணிக்கினு கீறேன்!"

அவ்வளவு சத்தமாக. முன்வாசலில் ஜீப் துடைத்துக்கொண்டிருந்த செல்வம் நிமிர்ந்து பார்த்தான். வசந்தி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

மெதுவா பண்ணும்மா என்றேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாடியோடே டியூட்டிக்குப் போனேன்.