அடுத்த துறைக்காகப் பேசச் சொன்னவன்

மச்சான்,

இன்று காலை எங்கள் விலங்கியல் ஆய்வகக் கதவைத் திறந்ததும் இறால் தீவன வாடை குப்பென்று அடித்தது. துணைவேந்தராகி முதல்முறை இங்கே வந்தபோது நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுலயே எப்பிடிடா குடும்பம் நடத்துற?" என்று கேட்டாய். அன்று உள்ளே ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது.

மாணவர்கள் சேராததால் எங்கள் துறையை மூடிவிடலாம் என்று அப்போது நிர்வாகத்தில் பேச்சு. சிதம்பரத்தில் என்னோடு ஒரே விடுதி அறையில் கிடந்தவன் கடலூருக்குத் துணைவேந்தராகவே வந்துவிட்டான், இனி என்ன கவலை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நீயோ சபையில் என்னை "சார்" என்றாய். தனியே வந்து கெஞ்சியபோது, "மச்சான், உனக்காக ஒண்ணும் பண்ண மாட்டேன், போ" என்று அனுப்பிவிட்டாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு ஐந்தாண்டுத் திட்டக் கூட்டத்துக்கு ஒரு விதி போட்டாய். யாரும் தன் துறைக்காகப் பேசக் கூடாது. வேறொரு துறைக்குப் போய்ப் பார்த்து வந்து அதற்காக வாதாட வேண்டும். எனக்காகப் பேச நீ நிறுத்தியது வணிகவியல் துறைத் தலைவியை. ஒரு வகுப்பறை யாருக்கு என்ற தகராறில் அந்த அம்மாவும் நானும் முகம் கொடுத்தே பேசுவதில்லை. தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

அந்த அம்மா ஒரு வாரம் எங்கள் ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். துறைமுகத்துக்கும் போய் வந்தார். கூட்டத்தில் எழுந்தார்.

"பாட்டில்ல ஊறப்போட்ட பாம்பையே காட்டிக்கிட்டு இருந்தா பசங்க எப்பிடி சார் வருவாங்க? இறால் பண்ணைக்காரங்க படிச்ச ஆள் கெடைக்காம அலையறாங்க. மீன் வளர்ப்ப பாடமா வைங்க. ஏற்றுமதி, வியாபாரமெல்லாம் நாங்க வந்து நடத்துறோம். மூடுற பேச்சே வேணாம்."

அடுத்து நான் எழுந்து, நான் போய்ப் பார்த்து வந்த வணிகவியலுக்கு மாலை வகுப்புக் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நிர்வாகத்தாரால் எதையும் மறுக்க முடியவில்லை. ஒரு துறையும் மூடப்படவில்லை. வெளியே வந்ததும் என் முதுகில் ஒன்று வைத்தாய். "நான் குடுத்திருந்தா அது சலுகைடா. இப்ப எவனும் புடுங்க முடியாது."

இப்போது பெண்ணாடத்திலிருந்துகூட, உன் ஊர்க் கரும்புக் கொல்லைகளைத் தாண்டி, எங்கள் துறையைத் தேடிப் பிள்ளைகள் வருகிறார்கள். பதவிக்காலம் முடிந்து போய்விட்டாய்; அதைப் பார்க்க நீ இங்கே இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் எதைக் கேட்பதற்கு முன்னும் எதிர் அறையிலிருக்கும் துறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

நேற்று அடுத்த திட்டக் கூட்டம். ஆங்கிலத் துறைக்குப் புதிதாக வந்த தலைவர் தன் துறைக்கு அறை கேட்டு எழுந்தார். கணிதத் துறைத் தலைவி கையமர்த்தினார்.

"உக்காருங்க சார். உங்களுக்கு நான் கேக்கறேன். நீங்க வேற யாருக்காவது கேளுங்க. இங்க எப்பவுமே இப்படித்தான்."

"யார் மேடம் இத ஆரம்பிச்சது?"

"யாரும் ஆரம்பிக்கல சார். இது இங்க பழக்கம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பழக்கமாகிவிட்டாய், மச்சான். இனி உன்னை இங்கிருந்து யார் மாற்றுவது?