சிப்பி மூடியும் பழப்புளியும்

என்றும் என் அன்புக்குரிய அத்தான்,

அக்கா மொன்றியலுக்கு வந்து ஒரு மாதமாகிறது. நீங்கள் கண்மூடிய பிறகுதான் அவளுக்கு விசா வந்தது. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நீங்கள் துப்புரவு வேலை செய்த பழம்பொருட் கடையின் முதலாளி மதாம், உங்களை நினைத்து அந்த வேலையை அக்காவுக்கே கொடுத்தார். தங்கமான மனிசி. இன்று வெள்ளிக்கிழமை, அக்காவுக்கு ஐந்தாம் நாள்.

அந்தக் கடையிலிருந்த பிரெஞ்சு மூக்குப்பொடிப் பெட்டியைப் பற்றி, அப்போது வேறு ஊரில் இருந்த எனக்குக் கடிதத்துக்குக் கடிதம் எழுதினீர்களே! இருநூறு வருடப் பழசு, மூடி முழுக்க முத்துச்சிப்பி, அதில் நாயோடு நிற்கும் ஒரு பெண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள், வெளிச்சத்தில் திருப்பினால் அவள் கன்னம் சிவக்கும் என்று. அதையெல்லாம் அக்காவுக்கு எழுதாமல் எனக்கு ஏன் அத்தான் எழுதினீர்கள்?

பெட்டியின் பித்தளை விளிம்பு கறுத்திருந்ததாம். குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் பழப்புளியைக் கரைத்து, மூடியோடு ஊறவைத்துத் தேய்த்திருக்கிறாள். புளி சிப்பியைத் தின்னும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? குழம்புக்கென்று நினைத்து அந்தச் சனியன் பிடித்த புளியை வாங்கிக்கொடுத்த மடையன் நான்தான்.

பின்னேரம் அவளைக் கூட்டிவரப் போனேன். விளிம்பு பளபளவென்று இருந்தது. மூடி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நாயைக் காணவில்லை. பெண்ணுக்கு முகமில்லை.

மதாம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்கள் அத்தான் மூன்று வருடமும் காய்ந்த துணியால்தான் துடைத்தார். இனி உங்கள் அக்கா வரவேண்டாமென்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னவாம் தம்பி?" என்று கேட்டாள்.

"சந்தோசமாம் அக்கா."

"பாத்தியே! கோடு கோடா இருந்த ஊத்தையெல்லாம் கழண்டிட்டுது. உன்ர அத்தான் கண்டிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்!"

நாங்கள் இருக்கும் சென்ட் லோரன்ட் வரும்வரை பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. இந்த நாட்டில் அவள் சிரித்து நான் கண்டது இன்றுதான். நான் என்ன செய்ய அத்தான்? எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாள். "திங்கட்கிழமை மற்றப் பெட்டியளையும் மினுக்கவேணும்" என்கிறாள்.

சொல்லிவிடுவேன் அத்தான். திங்கள் காலை அவள் சப்பாத்து மாட்டுவதற்கு முன் சொல்லிவிடுவேன், இது சத்தியம். உங்களுக்காக இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தப் பெட்டியைச் சாட்டியாவது அழட்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

அவளுக்குத் தம்பி, உங்களுக்கு என்றும் மச்சான்.