பதினான்காவது தீர்மானம்

பொட்டல் தெரு,
1-9-2007, சனிக்கிழமை பகல்.

அன்பு மகன் செழியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் மருமகள் ரோஜாவும் உன் மகள் பொன்மணியும் இந்த நிமிஷம் வரை நலமாக இருக்கிறோம், அங்கே கத்தாரில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்த நிமிஷம் வரை என்று எழுதியதைப் படித்துவிட்டு நீ பயப்படுவாய், அடித்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை, உள்ளதுதானே. போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் நீ பேசுவதே ஐந்து நிமிஷம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று அதில் பாதி போகிறது, மிச்சம் ரோஜாவுக்கு. நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. அதோடு உன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு வேலையாகப் போயிருக்கிறார், அவர் திரும்பி வரும் வரை கையைச் சும்மா வைத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அது என்ன வேலை என்று சொல்வதற்கு நகராட்சிக் கதையிலிருந்து வர வேண்டும், பொறுமையாகப் படி.

நான் கவுன்சிலராகி வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும், பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டிருந்தவளைத் தெருக்காரர்கள் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியதும் உனக்குத் தெரியும். இந்த ஒரு வருஷத்தில் என்ன கிழித்தாய் என்று நீ கேட்டால், பொட்டல் தெருவுக்கு நாலு டியூப்லைட் போட வைத்தேன், அதில் மூன்று எரிகிறது. குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது இப்போது பத்து நாளாகிவிட்டது, வெம்பக்கோட்டை அணைப் பக்கமெல்லாம் மழையே இல்லை, ஜனங்கள் காலிக் குடத்தோடு நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள், நானும் அவர்கள் பின்னால் குடத்தோடு நிற்கிறவள்தான் என்பது ஒருத்தி கண்ணிலும் படுவதில்லை. வாய்க்காலுக்குச் சிமெண்டு போட ஒப்பந்தம் விட்டார்கள், ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர் போனவர்தான், பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடி டவுசரைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டு வரியை ஏற்றப்போகிறார்கள் என்று வேறு பேச்சு, அதற்கும் என்னைத்தான் வைவார்கள்.

மாதக் கூட்டம் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். பதினோரு மணி என்று தாளில் போட்டிருப்பார்கள், பன்னிரண்டுக்கு ஆரம்பிக்கும், டீயும் வடையும் வரும், ஒருவர் பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று மூச்சு விடாமல் வாசிப்பார், யாராவது ஆல் பாஸ் என்பார்கள், எல்லோரும் மேஜையைத் தட்டுவோம், நானும் தட்டுவேன். முப்பது தீர்மானம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் கிளார்க் கனகசபாபதி பெரிய நோட்டை விரித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாக வருவார், விரலை வைப்பார், அந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். எனக்கு அது புதிதாகவே படவில்லை ஐயா. பத்தொன்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சனிக்கிழமை தோறும் அதைத்தானே செய்தேன். போர்மேன் விரல் வைப்பார், நாங்கள் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவோம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம், நோட்டில் நாலு பேர் என்றுதான் இருக்கும் என்பார்கள், ஒருத்தியும் நிமிர்ந்து பார்த்ததில்லை, வேன் கிளம்பிவிடுமே என்கிற அவசரம்தான். நான் எட்டாவது வரை படித்தவள், வாசிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் எழுத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தேன். நீயும் அங்கே எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் பாஷை தெரிந்த ஆளை வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டுப் போடு, முகத்தைத் தூக்கினால் தூக்கிக்கொள்ளட்டும்.

ஜூலைக் கூட்டத்தில் பதினான்காவதாக வந்தது நம் தெருச் சமுதாயக்கூடம். அங்கன்வாடியும் அதுவும் ஒரே சுவர் என்பது உனக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது, காதுகுத்துக்குக்கூட யாரும் எடுப்பதில்லை, அதனால் காகிதச் சாமான் வைத்துக்கொள்ள ஆறு மாசத்துக்கு ஒரு கம்பெனிக்கு விடலாம் என்று வாசித்தார்கள். சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் காகிதச் சாமான் என்றால் காலண்டர், டைரி என்றுதான் நினைத்தேன். மேஜையைத் தட்டினேன். விரல் வைத்தார், போட்டேன். எடுத்தது மணிகண்டராஜ் முதலாளி என்று பிறகுதான் தெரிந்தது, அதாவது உன் அப்பா கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிறாரே அந்த வேனின் முதலாளி.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அங்கன்வாடிக் குழாயைப் பார்க்கப் போனவள், கூடத்துக் கதவு திறந்து கிடக்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருந்தது. ஒன்றின் மேல் கையை ஊன்றிவிட்டு எடுத்தால் உள்ளங்கை வெள்ளியாக மினுங்குகிறது. முகர்ந்து பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையில் நான் வேலை விட்டு வந்து தூக்கப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதே வாடை. காகிதமும் இல்லை ஒன்றும் இல்லை, வெடிமருந்து அடைத்த பேன்சி வெடி. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், அதில் பொன்மணி குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. நேராக ஆபீசுக்குப் போய் நோட்டைக் காட்டச் சொன்னேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் மு. சண்முகத்தாய் என்று இருந்தது. என்னய்யா இது என்று கேட்டதற்கு, "ஒங்க வார்டுல நடக்கதுக்கு நீங்கதானக்கா முன்மொழியணும், வேற யாரு மொழிவா" என்று கனகசபாபதி என்னையே கேட்டார். செழியா, உன் பிள்ளை படிக்கிற சுவருக்குப் பக்கத்தில் வெடி வைக்கச் சொன்னது நான்தான் என்று சர்க்கார் நோட்டில் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு குத்துது குடையுதுங்குற. தீவாளி முடிஞ்சா அவுகளே காலி பண்ணிருவாக, அது வரைக்கும் வாயத் தொறக்காம இரு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை, ஐம்பத்தாறு வயசு ஆளுக்கு வேறு எவன் வண்டியைக் கொடுப்பான். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று செய்தேன், அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பொன்மணிக்குக் காய்ச்சல் என்று சொல்லி அங்கன்வாடிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். ஒரு வாரம் ஆகியும் பிள்ளை வரவில்லையே என்று வீரலட்சுமி டீச்சர் சத்துமாவு உருண்டையும் ஒரு முட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பொன்மணி முற்றத்தில் குதித்துக்கொண்டிருக்கிறது. நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கோபப்படக்கூட இல்லை. "ஒங்க பிள்ளைய நீங்க எடுத்துக்கிட்டீகக்கா, மத்த இருவத்திரெண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல்னு யாருக்கா சொல்லுவா" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு முட்டையை வைத்துவிட்டுத்தான் போனாள். அந்த முட்டையை எனக்கு அவிக்கவே தோன்றவில்லை. மறுநாளே அவள் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டாள், ஆனால் அந்தச் சுவரை ஒட்டி ஒன்பது வீடு இருக்கிறதே, அவர்களை எங்கே மாற்றுவது.

நேற்று மாதக் கூட்டம். பத்து மாசத்தில் நான் வாயைத் திறந்து பேசியதே இல்லை. எழுந்து நின்றதும் தலைவர், ஒக்காருங்கம்மா டீ வருது என்றார், டீக்காகத்தான் எழுந்தேன் என்று நினைத்துக்கொண்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஜூலை மாசம் பதினான்காவது தீர்மானத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அது என் தப்பு, அங்கே இருப்பது காகிதம் இல்லை வெடி, நான் முன்மொழிந்ததை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஒருத்தரும் மேஜையைத் தட்டவில்லை. படிச்சிட்டுல்ல கையெழுத்துப் போடணும் என்று பின்னால் யாரோ சொல்லிச் சிரித்தார்கள், சிரிக்கட்டும், உள்ளதைத்தானே சொன்னார்கள். அடுத்த வார்டு சொர்ணலட்சுமி மட்டும் நான் வழிமொழிகிறேன் என்று கையைத் தூக்கினாள், அவளுக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். கமிஷனர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தீர்மானத்தை நிறுத்தி வைக்கிறேன், திங்கட்கிழமை அதிகாரிகளோடு வந்து கூடத்தைத் திறந்து பார்ப்போம் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமைக்கு முன்னால் சனியும் ஞாயிறும் இருக்கிறது என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

இன்று காலையில் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. லாரி வந்தால் ஊர் பார்க்கும், ஆள் ஏற்றுகிற வேன் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதனால் டிரைவர் முனியராஜே வண்டியில் ஏற்றிக் கூடத்தைக் காலி பண்ணிவிடட்டும் என்று உத்தரவு. ஆமத்தூர் போகிற வழியில் ஒரு ஷெட்டாம், அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டுமாம். வேண்டாம் என்று நான் வாசலை மறித்தேன். "நீ கொட்டுனத நான்தான அள்ளணும், நகரு" என்றார். நீ அங்கன வந்து நின்னா ஊரு கூடிரும், வீட்ட விட்டு எறங்காத என்று கையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். ரோஜா அச்சாபீசுக்கு வேலைக்குப் போய்விட்டாள், ஆறு மணிக்குத்தான் வருவாள், பொன்மணி என் பக்கத்தில் தூங்குகிறது. அவர் போன நேரத்திலிருந்து நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிர்வீட்டில் சட்டுவக் கரண்டி கீழே விழுந்தால்கூட வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

மூன்று நடை முடித்துவிட்டு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். சட்டைக் கை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளிப் பொடி. இடுப்பு பிடித்துக்கொண்டது, தூக்க முடியவில்லை, மூட்டையை இழுத்துத்தான் வண்டியில் போடுகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். செழியா, உன் அப்பா இருபத்திரண்டு வருஷம் ஆளை ஏற்றி இறக்கியவரே தவிர ஒரு நாளும் மருந்தைத் தொட்டவர் இல்லை. உள்ளே வேலை செய்கிற நாங்கள் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுப் போவோம், எதையும் இழுக்க மாட்டோம், இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் வைப்போம். உன்னோடு படித்த காளிராஜின் அம்மா ஒரு பெட்டியைத் தரையோடு இழுத்ததில்தான் போனாள், அந்த அறையில் மிச்சம் ஆறு பேரும் அவளோடு போனார்கள். அந்த வேனின் தரை பூராவும் தகரம், உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொன்னேன், இன்னும் ரெண்டே நட, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொம்பிலும் விரல் விரலாகப் பொடி ஒட்டியிருக்கிறது. அப்போது எழுத ஆரம்பித்தவள்தான், மணி மூன்றாகப் போகிறது, உச்சி வெயில் இன்னும் இறங்கவில்லை.

தீயணைப்பு ஆபீசுக்குப் போன் செய்துவிடலாமா என்று காலையிலிருந்து பத்துத் தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவர்கள் வந்தால் பின்னாலேயே போலீசும் வரும். அப்போது வண்டியும் மூட்டையும் உன் அப்பா கையில் இருக்கும், முதலாளி கையில் இருக்காது. தீர்மானத்தில் என் பெயர், வண்டியில் அவர். கேஸ் என்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மேலும்தான் விழும், வேலையும் போகும், பொங்கலுக்கு வருகிறேன் என்று சொன்ன நீ இன்னும் ஒரு வருஷம் அங்கேயே கிடக்க வேண்டி வரும். அந்தப் பயத்தில்தான் பேசாமல் இருந்தேன். உனக்கு இவ்வளவையும் எழுதிய பிறகு அந்தப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இனிமேல் இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. பிள்ளையை எழுப்பி வீரலட்சுமி வீட்டில் விடப்போகிறேன், அவள் வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது. அங்கிருந்தே தீயணைப்பு ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு, சுவரை ஒட்டின ஒன்பது வீட்டாரையும் வெளியேறச் சொல்லிவிட்டு, நேரே கூடத்துக்குப் போய் உன் அப்பா கையை மூட்டையிலிருந்து எடுக்க வைத்துவிடுவேன். போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டும். ஆள் முழுசாக இருந்தால்தானே பிடிக்க முடியும்.

வெயிலில் ஏணி ஏறாதே, தண்ணீரை நிறையக் குடி, ரோஜாவிடம் போனில் நல்ல வார்த்தை பேசு, பிள்ளை விஷயம் தெரிந்தும் அவள் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. உன் அப்பாவிடம் இதைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். காளியம்மன் துணையில் நீ நோய் நொடி இல்லாமல், குடும்பத்தோடு சேர்ந்து நீண்ட நாள் இருக்க வேண்டும் ராசா. இந்தக் கடிதத்தை மடித்து வீரலட்சுமியிடமே கொடுக்கிறேன், அவள் தபாலில் போட்டுவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. சண்முகத்தாய்