காமாலைச் சாறு

ஆடி 3, வியாழன்
காலையிலேயே வெயில். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டாச்சு. தின்பதை எல்லாம் எழுதச் சொன்னார் டாக்டர். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது.

காலை கூழ். மதியம் ஒரு கரண்டி சோறு, கீரை. ராத்திரி கோதுமை தோசை ஒன்று. டீ, சர்க்கரை இல்லாமல்.

எனக்கு இரண்டு வியாதி. கல்லீரலில் சி வைரஸ், கர்ப்பப்பை எடுத்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்ததாம். அப்புறம் சர்க்கரை. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்கிறார் டாக்டர். உடம்பில் இன்சுலின் ஊறுகிறது, உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. வைரஸ் ஒழிந்தால் கேட்குமாம். எங்கள் செவலைக் காளை இப்படித்தான். கூப்பிட்டால் காது ஆடும், கால் நகராது. ஆர்.கே.பேட்டை சந்தையில் அதை வாங்கினது பெரிய கதை. இருக்கட்டும்.

ஆடி 4, வெள்ளி
வைரஸுக்கு வாரம் ஒரு ஊசி, இன்று பதினொன்றாவது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. எளாவூர் செக்போஸ்ட் பக்கம் நூர்ஜஹான் அக்கா கடையில், கலர் பாட்டில்களுக்கு நடுவில் என் ஊசிகள். நர்ஸ் அங்கேயே வந்து போடும். இது என்ன புதுக் கலர் என்றாராம் ஒரு லாரி டிரைவர். அது குடிக்கறதில்ல நைனா, குத்திக்கறது என்றாளாம் அக்கா.

மூன்று மணிக்குக் குளிர்ஜுரம். அக்கா வழக்கம்போல் காமாலைச் சாறு, இரண்டு டம்ளர். வீட்டுக்கு வேறு தினம் ஒரு பாட்டில், என் வீட்டுக்காரர் கையில். அது மருந்து, தின்பதில் சேராது.

ஆடி 9, புதன்
கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி. பஸ்ஸில் கம்பெனி ஷிப்ட் கூட்டம், நின்றே போனோம். வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றிருபது. ஏறியிருக்கிறது.

பன்னிரண்டாவது ஊசிக்குப் பிறகு வைரஸை எண்ணிப் பார்ப்பார்களாம். நன்றாகக் குறைந்திருந்தால்தான் மேலே ஊசி. இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். இன்சுலின் பேச்சைக் கேட்காத உடம்பில் ஊசியும் மந்தமாம்.

ஊசிதான் சர்க்கரையை ஏற்றுகிறதோ, விட்டுவிடலாம் என்று இவர் காதோரம் சொன்னார். முடியாது என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். ஊசி போட்டபின் என்ன குடிப்பேன் என்று கேட்டார்.

"காமாலைச் சாறு சார். கல்லீரலுக்கு."

"அப்படின்னா என்னம்மா?"

"கரும்புச் சாறுதான் சார். தெனம்."

பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. அது மருந்து இல்லை, முழுக்கச் சர்க்கரை என்றார். எங்கள் பக்கம் கல்லீரல் என்றாலே காமாலை, காமாலை என்றாலே கரும்புச் சாறு. அவருக்கு எப்படித் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் இவர் சொன்னார், "நான்தாமே தெனம் தூக்கினு வந்தேன்."

ஆடி 10, வியாழன்
சாறு இல்லை. ஏரிக்கரை வரை நடை, போக வர. மூச்சு வாங்கியது, ஆனாலும் நடந்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது? மூன்று மாதம் இஞ்சி தட்டிப் போட்டு, ஈ விழாமல் மூடி அனுப்பினவள். கரும்பைக் கூட அவளே பொறுக்கி எடுப்பாள்.

ஆடி 11, வெள்ளி
பன்னிரண்டாவது ஊசி. அக்காவிடம் சொல்லிவிட்டேன். டம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப நானே ஒனக்கு ஊத்திக் கெடுத்துக்கினு இருந்தேனா வள்ளி?"

எனக்கும்தான் தெரியாது, மருந்தென்று நினைத்து எழுதக்கூட இல்லை என்றேன். சாற்றை வாசலில் கொட்டினாள். உப்பு மோர் கொண்டுவந்தாள். "இதக் குடிக்கலாமா, இதுக்கும் டாக்டராண்ட சீட்டு வாங்கினு வரணுமா?"

சிரிப்பும் குளிரும் சேர்ந்து வந்தது. நடுக்கம் நிற்கும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோடா கேட்டு வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஆடி 16, புதன்
மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாச்சு. சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு. இன்னும் இறங்கணும். வைரஸ் எண்ணிக்கை வர பத்து நாள் ஆகுமாம்.

"கொறையலன்னா இன்னாமே பண்றது?" என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை பதிமூன்றாவது ஊசி போட்டுக்கொள்கிறேன், ரிசல்ட் பேப்பர் அதுக்கப்புறம் வந்து சொல்லட்டும் என்றேன்.