லாரியைப் பின்தொடர்ந்தவளுக்கு

இன்று காலை கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பிரிப்பதற்கு முன்பே, புகையில் உலர்ந்த மலைப்பூண்டின் வாசம் கூடத்தை நிறைத்துவிட்டது. மேலே உன் பெயர், கீழே என் விலாசம். உனக்கு வரும் பார்சல் எல்லாம் என் வீட்டுக்குத்தானே வரும். ரிடையரான பிறகும் பகலில் நீ வீட்டில் இருந்ததே இல்லை.

நீ கண்மூடி நான்கு மாதமாகிறது என்பது அதை அனுப்பிய வெள்ளையம்மாவுக்குத் தெரியாது. போனில் நான்தான் சொன்னேன். "இந்த வருசம் ஊத்துல தண்ணி நல்லாருக்குன்னு அக்காகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள்.

அந்த ஊற்றை நாம் முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. தஞ்சாவூரில் ஒரே பள்ளியில் நீ புவியியல், நான் தமிழ். மே மாத விடுமுறை. ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் தாங்காமல் கொடைக்கானலுக்குப் போனோம். ஓட்டல் அறையில் குழாயைத் திறந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"லாரில வருதும்மா" என்றார் அறையைத் திறந்துவிட்டவர்.

"லாரிக்கு எங்கேருந்து வருது?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் ஏரியில் படகு ஓட்டப் போகலாம் என்று நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றால், நீ ஒரு ஜீப்பைப் பேசி வைத்திருக்கிறாய், அந்த லாரியின் பின்னால் போக!

சரிவில் வெகுதூரம் இறங்கி ஒரு சிற்றூரில் லாரி நின்றது. ஊற்றுக்குள் குழாயைப் போட்டு உறிஞ்சியது. பத்துப் பெண்கள் குடத்தோடு ஓரமாக நின்றார்கள். அதில் ஒருத்தியிடம் நீ பேச்சுக் கொடுத்தாய். எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டவள், ஓட்டல் பெயரைச் சொன்னதும் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப எங்க தண்ணியிலதான் குளிச்சுட்டு வந்திருக்கீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள்தான் வெள்ளையம்மா.

உன் அப்பாவின் வயல் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைசியில். மேலே இருப்பவர்கள் அடைத்துக்கொண்டார்கள் என்று திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நீ. திரும்பும்போது ஜீப்பில் மெதுவாகச் சொன்னாய்: "பொறந்ததுலேருந்து கடைமடைக்காரிடி நான். இன்னைக்குத் தலைமடைக்காரி ஆயிட்டேன்."

அன்று மத்தியானமே அறையைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாய். "ரெண்டு நாள் தங்கிக்கலாமா?"

"கட்டில் இல்லீங்க. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணிதான்."

"போதும்."

நான் முனகிக்கொண்டே வந்தேன். ஆனால் அவள் வைத்த பீன்ஸ் குழம்புக்கு இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டதும் நான்தான்.

அடுத்த ஆண்டு மற்ற ஆசிரியைகளையும் கூட்டிப் போனோம். நான்கு வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி, எட்டுப் பேருக்கு மேல் கிடையாது, இந்தத் தடவை இந்த வீடு, அடுத்த தடவை அந்த வீடு என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். "அட, நம்மூரு வாய்க்கால் முறைத்தண்ணி மாதிரியே இருக்கே!" என்று நீ குதித்தாய். அதற்குள் அவர்கள் லாரியையும் இரண்டு நாள் வழிமறித்துப் பேசி, மழை பெய்த மாதங்களில் மட்டும்தான் எடுக்கலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்கள்.

மூன்றாம் ஆண்டுதான் சோதனை. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது வெள்ளையம்மாவிடமிருந்து போன். ஊற்று சுருங்கிவிட்டது, வர வேண்டாம். ஆசிரியைகள் அறையில் எல்லோரும் உன் மேல் பாய்ந்தார்கள்.

"வீட்டுலயெல்லாம் சொல்லியாச்சு டீச்சர். நாம என்ன ஓசியிலயா தங்கப் போறோம்?" என்றார் கணக்கு டீச்சர்.

"மேட்டூர் திறக்கலைன்னா நாம நாத்து விடறோமா டீச்சர்?" என்று கேட்டாய்.

ஆனாலும் வேறு ஒரு மலைக்கு அவர்கள் வேன் பிடித்துப் போனார்கள். கணக்கு டீச்சர் உன்னோடு பேசவே ஒரு வருடம் ஆயிற்று. அந்த மே மாதம் முழுக்க நீ தஞ்சாவூர் வெயிலிலேயே கிடந்தாய். மழை பிடித்ததும் வெள்ளையம்மா கூப்பிட்டாள். "இப்ப வாங்கக்கா." நாம் இருவர் மட்டும் போனோம். வாசலில் நான்கு வீட்டுக்காரிகளும் நின்றிருந்தார்கள், இது யாருடைய முறை என்று சண்டை போட்டுக்கொண்டு.

உன் கேள்விகளுக்காக எத்தனை இடத்தில் உன் கையைக் கிள்ளியிருக்கிறேன்! போன மாதம் வேளாங்கண்ணியில் ஒரு விடுதியில் தங்கினேன். காலையில் விரிப்புகளை அள்ளிப் போக ஒரு பெண் வந்தாள். என்னையறியாமல், "மழைக்காலத்துல இத்தனையும் எங்கம்மா காயப்போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்று தரையிலேயே உட்கார்ந்தாள். கடல் காற்றில் துணி உலர்ந்த பிறகும் பிசுபிசுப்பது, கார்த்திகை மாதம் மாடிப்படியெல்லாம் கயிறு கட்டுவது, சலவைச் சோடாவில் விரல் இடுக்கு வெந்துபோவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையை விரித்தும் காட்டினாள்.

நான் பிடிக்க வேண்டிய பத்தரை மணி பஸ் போய்விட்டது. அவள்தான் பதறினாள். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.