சாமி ஒண்டியாக இல்லை, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

திருவொற்றியூரிலிருந்து உன் மகள் பிலோமி எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீ போன பிறகு வந்த முதல் தமத்திரித்துவத் திருநாள், மூவொரு கடவுளின் திருநாள், நேற்று. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது.

அம்மா செத்ததும் எங்களோடு வந்து இரு என்று எவ்வளவு கெஞ்சினேன்? உன் மருமகன் தீப்பெட்டி ஆலைக்கு லீவு போட்டுவிட்டு ராயபுரத்துக்கே வந்து கூப்பிட்டாரே. "பொண்ணு குட்த்த வூட்ல போய் குந்திக்கினு துன்னா நாலு பேரு இன்னா பேசுவான்?" என்று அனுப்பிவிட்டாய். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்துபோச்சு, ரோசம் மட்டும் வளையவே இல்லை.

சரி, சோறாவது சாப்பிடட்டும் என்று ஞாயிறுதோறும் தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தேன். புதிதை வைத்துவிட்டு, போன வாரத்துச் சட்டியை எடுத்துப்போவேன். மகள் வீட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பினால் உனக்கு ஆகாது. கழுவித் துடைத்து அதில் ஒரு வாரம் பட்டாணி, ஒரு வாரம் நெத்திலிக் கருவாடு, ஒன்றும் கிடைக்காவிட்டால் கொடுக்காப்புளியாவது போட்டு வைத்திருப்பாய்.

ஒருநாள், "இப்படி ஒண்டியா கெடக்கறியே, பயமா இல்லையா நைனா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "சாமியே மேல ஒண்டியாத்தான் கீறாரு. அவுரு இன்னா பேஜாராவா கீறாரு? நானும் இருந்துட்டுப் போறேன்."

நானும் பேச்சை விட்டுவிட்டு உனக்குத் தட்டில் சோறு போட்டேன், நைனா. நீ பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று சிலுவை போட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தாய். மூன்று பேரைச் சொல்லிய வாயால்தான் ஒண்டி என்று சொன்னாய். அது ஏன் நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை?

நேற்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். வானமும் கடலும் உண்டாவதற்கு முன்னாலும் கடவுள் தனியாக இருந்ததில்லையாம். பிதா தன்னிடம் உள்ளதையெல்லாம் சுதனுக்குக் கொடுக்கிறாராம், சுதன் அதையெல்லாம் பிதாவுக்கே திருப்பிக் கொடுக்கிறாராம், அவர்களுக்குள் இருக்கிற அந்த நேசம்தான் இஸ்பிரீத்து சாந்து என்கிற பரிசுத்த ஆவியாம். ஒரே கடவுள்தான், ஆனால் ஒண்டியில்லை.

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் முட்டி போட்டிருந்த பொம்பளை, "இன்னாம்மே ஆச்சு?" என்றாள். "எங்க நைனா இது தெரியாமலே பூட்டாரும்மே" என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போது எனக்கு நம் தூக்குச்சட்டிதான் ஞாபகம் வந்தது. நிறைந்து போகும், நிறைந்தே திரும்பி வரும். சாமியாரிடம் சொன்னால் சட்டியும் சாமியும் ஒன்றா என்று திட்டுவார். திட்டட்டும். ஒண்டிக்கட்டை என்று நீயே உன்னைச் சொல்லிக்கொண்டாயே, ஒண்டிக்கட்டை எவனாவது அடுத்த ஞாயிறுக்கென்று கருவாடு வாங்கி வைப்பானா?

நீ போய்விட்டாய் என்று ஆள் வந்து சொன்னதும் நாங்கள் ஓடி வந்தோம். மாடத்தில் தூக்குச்சட்டி பளபளவென்று கழுவி இருந்தது. திறந்தேன். காகிதத்தில் நெத்திலி மடித்து வைத்திருந்தாய். அதை இன்னும் நான் ஆக்கவில்லை, நைனா. அவ்வப்போது வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிறேன். ஆக்கிவிட்டால் உன்னிடமிருந்து வர வேறொன்றும் இல்லையே.

உன் பக்கத்து அறை கன்னியப்பன் மாமாவும் இப்போது உன்னை மாதிரியேதான். கொருக்குப்பேட்டையில் மகள் கூப்பிடக் கூப்பிடப் போகமாட்டேன் என்கிறாராம். அவர் கும்பிடுகிற சாமி வேறு. இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த நெத்திலியை ஆக்கி, அதே சட்டியில் உன் தோஸ்துக்கு எடுத்துப்போகிறேன். ஒண்டி என்று அவர் வாயைத் திறந்தால், உன்னிடம் சும்மா இருந்த மாதிரி இருக்க மாட்டேன். இது சத்தியம். உனக்குச் சொல்லாமல் போனதை அவரிடமாவது சொல்லிவிடுவேன்.

காலிச் சட்டியோடு ஒருநாளும் உன்னால் திருப்பி அனுப்பப்படாத
உன் மகள்,
பிலோமி